டாங்கிகளுக்கு வைத்த பொட்டு

திருச்சானூர்,
நவம்பர் 12.

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவேணி எழுதுவது. நலமா என்று நான் கேட்டு நீங்கள் பதில் சொல்லும் நிலையில் நாம் இல்லை. அதனால் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நானும் உங்கள் மகள் கீர்த்தியும் இருக்கிறோம். அவளுக்குச் சளி பிடித்து இப்போதுதான் விட்டது.

வடமாலபேட்டை கோவர்த்தனன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் மாங்காய்த் தொக்கும், என் அக்கா பங்காருபாளையத்திலிருந்து கொடுத்த, மாம்பழச் சாறை வெயிலில் காயவைத்துச் செய்த தாண்டிராவும் அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அதோடு வரும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஆயுத பூஜையிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. கீர்த்தியிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது. காகிதமாக இருந்தால் கடைசிவரை படிப்பீர்கள் என்று நினைத்தேன்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பிரம்மோற்சவத்துக்குப் பந்தல் போடுகிறார்கள். லாட்ஜ் எல்லாம் நிறைந்துவிட்டது. திருப்பதிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் கால் வைக்க இடமில்லை என்று மாடி வீட்டுத் தரணி சொல்கிறாள். எனக்கு எப்படித் தெரியும், நான் எங்கே போகிறேன்? மழை என்றால் ஈரம், ஈரம் என்றால் அறையில் இருக்கும் உங்கள் பெட்டிகளுக்கு ஆகாது, அதனால் ஏசி நிற்கக் கூடாது, கரண்ட் போனால் இன்வெர்ட்டரைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கும்போது உங்கள் போன் வந்தது. அங்கிருந்தே பார்க்க அறைக்குள் நீங்கள் மாட்டிய கேமரா இருட்டாகிவிட்டது, கரண்ட் போயிருக்கும், உடனே கிளம்பு என்றீர்கள். கிளம்பினேன். அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

நம் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் ஏசி. அதில் டாங்கிகளும் போர் விமானங்களும் படுத்திருக்கின்றன. ஜன்னலில் கறுப்புத்தாள். இன்னொன்றில் நானும் உங்கள் மகளும் மே மாதம் முழுக்க ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தோம். பொம்மை என்று சொல்லாதே, மாடல் என்று சொல் என்பீர்கள். சரி, மாடல்கள். மாடல்கள் குளிரில் இருக்கின்றன, மனிதர்கள் வியர்வையில் இருக்கிறோம்.

கேலி செய்கிறேன் என்று கோபப்படாதீர்கள். சித்தூர் மைதானத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, ஓட்டத்தில் எல்லாரையும் முந்திவிட்டு, மார்பளவு போதாமல் திரும்பி வந்தவர் நீங்கள். அந்த ஆசை எங்கேயாவது ஓரிடத்தில் போய் உட்காரத்தானே செய்யும். சென்னை நடைபாதைக் கடையில் முதல் டாங்கியை வாங்கி வந்த நாளில் உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது ஆசையாகவே இருந்திருக்கலாம். குவைத்துக்குப் போன பிறகு அது சேமிப்பு ஆகிவிட்டது. மலிவானதை வாங்கினால் குப்பை, விலை உயர்ந்ததை வாங்கினால் சொத்து என்றீர்கள். நம்பர் போட்டு, சான்றிதழோடு, கொஞ்சம்தான் செய்வார்கள், வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும், வடமாலபேட்டையில் ஒரு மனை வாங்கும் அளவுக்கு ஏறியதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்த அறைக்குக் காவல் இருந்தேன். டாங்கிக்காக இல்லை.

ஆயுத பூஜை அன்று நடந்ததை நீங்கள் கேமராவில் பார்த்தீர்கள். ஆனால் அதில் சத்தம் கேட்காது, அதனால் சொல்கிறேன். ஸ்கூட்டி, தையல் மெஷின், அரிவாள்மனை, கிரைண்டர், கீர்த்தியின் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அப்போது அவள் கேட்டாள்: “ஏம்மா, அந்த ரூம்ல அவ்ளோ ஆயுதம் இருக்குதே, அதுக்கு வெக்கலையா?” எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜையில் ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காத வீடு நம் வீடாகத்தான் இருக்கும். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து அந்த அறையிலேயே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அவள் சந்தனம் வைக்க நான் குங்குமம் வைத்தேன். நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்றே நினைத்தேன். பாதியில் உங்கள் போன் வந்தது. அன்று நீங்கள் பேசியதை இங்கே எழுதவில்லை. சூடம் ஏற்றாமலே பூஜை முடிந்துபோனது. செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீர்த்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கேமரா முன்னால் போய் நிற்பாள். வரைந்த படத்தைக் காட்டுவாள், புது ஜடையைக் காட்டுவாள். நைனா பார்ப்பார் என்று. ஒரு நாள் நீங்கள் போன் செய்து, அவளைக் கொஞ்சம் நகரச் சொல், நடு அலமாரி தெரியவில்லை என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் இருந்ததால் அவள் கேட்டுவிட்டாள். “நைனா டாங்கியப் பாத்துக்கினு இருக்காரும்மா” என்றாள். அதற்குப் பிறகு அந்த அறைக்கு அவளாகப் போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க நீங்கள் அனுப்பிய சென்னை வியாபாரி வேதாச்சலம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். நல்ல மனிதர். செருப்பை வெளியே விட்டு, கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் கதவோரம் குற்றவாளி மாதிரி நின்றேன். நடைபாதையில் வாங்கிய பழைய டாங்கிகளில் இருந்த பொட்டு ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. விலை உயர்ந்தவற்றில் போகவில்லை. அதன் பெயிண்ட் பளபளப்பில்லாத பெயிண்டாம், சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்படியே உறிஞ்சிக்கொள்ளுமாம். என்னால்தான் மனை போச்சு என்று நினைத்தேன். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “பொட்டு வெக்கலன்னாலும் இதே ரேட்டுதாம்மா” என்றார்.

உட்கார வைத்துக் காபி கொடுத்து விவரம் கேட்டேன். நம்பர் போட்டு விற்ற அந்தக் கம்பெனியே அதே அச்சில் அதே டாங்கிகளைத் திரும்பவும் போட்டுவிட்டதாம். பெட்டி சின்னது, சான்றிதழ் இல்லை, விலை கால்வாசி. அலமாரியில் வைத்துப் பார்த்தால் எது எதென்று தெரியாது. வேண்டும் என்கிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் நெட்டில் தினமும் பார்க்கிறீர்களே, அந்த விலை விற்ற விலை இல்லையாம், கேட்கிற விலையாம். ஒரே டாங்கி ஒரே போட்டோவோடு வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கிறது, வாங்க ஆள் வரவில்லை என்று தன் போனிலேயே காட்டினார். அந்த நீல விமானம் மட்டும் போட்ட பணத்தைக் காப்பாற்றும், அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டது என்றார். நடைபாதை டாங்கிகளை, கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே, அன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதன் விலை பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மற்றதை எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை மனையின் பத்திரச் செலவுக்குத்தான் வரும். எதையும் கொடுக்கவில்லை. அது உங்களுடையது.

வாசல்வரை போனவர் திரும்பி, சாரிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் வேறு மாதிரிதான் எழுதினேன். விலை ஏறிவிட்டது, நீங்கள் சொன்னது சரி, வந்துவிடுங்கள் என்று ஒரு தாள் எழுதி முடித்தேன். கோவர்த்தனன் அண்ணனிடம் கொடுக்க உறையிலும் போட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். அதை நம்பி வந்து, உண்மை தெரிந்து, அதே பயணப்பெட்டியோடு நீங்கள் திரும்பிப் போவதை என்னால் பார்க்க முடியாது.

இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கீர்த்தியிடம் சொன்னீர்களாம். உங்கள் மனது எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் இன்னும் கொஞ்ச காலம் இருந்து சரிக்கட்டிவிடுகிறேன் என்பீர்கள். சரிக்கட்ட இன்னும் விலை உயர்ந்ததாக ஒன்று வாங்குவீர்கள். அதற்கும் நான் காவல் இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. வேதாச்சலம் இவ்வளவு சொல்லிவிட்டுப் போன பிறகும் நான் ஏசியை நிறுத்தவில்லை. ஸ்விட்ச் வரைக்கும் கை போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்த பிறகும் காவல் காக்கிறேன். நீங்களும் அங்கே இதைத்தான் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

தரணி வேலை செய்யும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். இரண்டு முறை கூப்பிட்டாள், உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்த முறை கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். ஒன்றாம் தேதி சேருகிறேன். கம்பெனி பஸ் வரும். பகலில் வீடு பூட்டியிருக்கும். அரிசிக்கும் வாடகைக்கும் என் சம்பளம் போதும். நீங்கள் வந்து நிதானமாக ஒரு வேலை தேடலாம். வெறுங்கையோடு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதீர்கள். அந்த நாலு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது.

கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதற்கு முன்னால் ஒரு முறை எனக்குப் போன் செய்யுங்கள். கீர்த்திக்கு இல்லை, எனக்கு. திட்டுவதற்காகவாவது செய்யுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சானூர்த் தாயார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்சவேணி

பின்குறிப்பு: போன மாதம் கீர்த்திக்கு நீங்கள் அனுப்பிய ஷூ காலில் ஏறவில்லை. போன லீவில் அளந்த அளவுக்கே வாங்கியிருக்கிறீர்கள். நைனாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார் என்று அவள் குதிகாலை மடித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். வேறு அனுப்ப வேண்டாம். நீங்களே வந்து, அவள் காலைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.