தாவீது அழைக்கிறார்

கும்மிடிப்பூண்டி,
புதன்கிழமை.

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஐபோன் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் யார் கூப்பிட்டாலும் மணி மட்டும்தான் அடிக்கிறது. அப்பா வாங்கித் தந்த ஆண்ட்ராய்டு போன் கூப்பிடுகிறவர் பேரைச் சொல்லுமே, அது எனக்குப் பழகிவிட்டது. செல்போன் கடை சாம்சனிடம் கேட்டேன். "அதுலயும் பேர் சொல்ல வைக்கலாம்க்கா. ஆனா அதை வாங்கறவங்க போன் அடக்கமா இருக்கணும்னு நெனைக்கறாங்க. நம்ம பக்கம் மெஷின் சத்தத்துல நிக்கறவங்க, போன் கத்திக்கினே இருக்கணும்னு கேக்கறாங்க. ஜனங்க இன்னா எதிர்பாக்கறாங்களோ அப்படித்தான் ஒவ்வொண்ணும் வளருது" என்றார். நான் சிம்மைப் பழைய போனிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சிப்காட் பக்கமிருந்து புகை வாடை அடித்ததால் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, வீட்டில் வேறு யாருமில்லை. கூடத்திலிருந்த போன், அந்தப் பெண் குரலில், பேரை இரண்டாக வெட்டி, "தா வீது அழைக்கிறார்" என்றது. அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து வருஷம் தாண்டிவிட்டதே ஏஞ்சல், ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். மணி நின்றது. மறுபடியும் அடித்தது, மறுபடியும் அப்பா பேர். பயத்தைவிட, எடுக்காமல் விட்டால் போய்விடுவாரே என்றுதான் இருந்தது. எடுத்து "இன்னாங்க?" என்றேன்.

யாரோ ஒருவர். பேர் சந்திரமோகன், பள்ளிப்பட்டுக்காரராம். அப்பாவின் நம்பரைப் போன் கம்பெனிக்காரன் அவருக்குக் கொடுத்திருக்கிறான். "உங்க நம்பர்லேர்ந்து மிஸ்டு கால் கீதும்மா, அதான் கூப்ட்டேன்" என்றார். முந்தின நாள் போனில் அப்பா பேரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் பட்டிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாக, "ஞாயித்துக்கெழமையானா ஒரு வெளிநாட்டு நம்பர்லேர்ந்தும் கால் வருதும்மா. எடுத்தா யாரும் பேசறதில்ல. மூச்சு வுடற சத்தம் மட்டும் கேக்குது. எங்க ஊட்ல எல்லாரும் பயந்துகினு கீறாங்க" என்றார். அந்த நம்பரைச் சொல்லச் சொன்னேன். உன்னுடையதுதான்.

எனக்குக் கோபமில்லை கண்ணு. வேறு குரல் கேட்டும் நீ ஏன் மறுபடி மறுபடி கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பக்கம் எடுக்கிறவர் அப்பா இல்லை. இனி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டில் இருப்பேன், எனக்குப் போன் போடு. பேச வராவிட்டால் பேச வேண்டாம். சும்மா மூச்சு விடு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளை ஜோஷ்வாவை விசாரித்ததாகச் சொல். காதுக்குக் கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் மூடிக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஞானம்மா