பதறாத பிள்ளை

1992 ஆவணி 3, திங்கள்
வெயில். காற்றே இல்லை. சவர்க்காரம் கிடைக்காததால் பனம்பழம் பிசைந்து சேலை தோய்த்தேன். மணம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், நிவாரண நிறுவனங்கள் நாலு ஒரே நாளில் ஆள் எடுக்கின்றனவாம். சொன்னவள் ரீற்றா. தட்டச்சு வகுப்புச் சிநேகிதி. குண்டு விழுந்து குருநகர் வீடு போனபின் சண்டிலிப்பாயில், எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறாள்.
"நீயும் வா. வீட்டுக்குள்ளை இருந்து என்ன செய்யப் போறாய்?"
ஓம் என்றேன். வைகாசியில் ஷெல் விழுந்து இவர் போனபின் யார் என்ன கேட்டாலும் ஓம்தான்.

மண்ணெண்ணெய், உப்பு. சைக்கிள் பின் ரியூப் ஒட்ட.

5, புதன்
ரீற்றா நேர்முகத்துக்குப் பழக்கினாள். அவள் அதிகாரி, நான் வேலை கேட்டு வந்தவள்.
"இந்த வேலை ஏன் வேணும்?"
"வேணும்."
"உப்பிடிச் சொன்னால் தருவாங்களோடி? முகத்தைப் பார்த்துக் கதை. கொஞ்சம் சிரி."
சிரித்தேன். பார்த்துவிட்டு, "வேண்டாம், சும்மா இரு" என்றாள்.

அவளுக்கு இங்கிலீசு நன்றாக ஓடும். சிங்களமும் கொஞ்சம். வேலை அவளுக்குத்தான். கிடைக்கவும் வேணும், வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை.

மத்தியானம் புழுக்கொடியல். பசியில்லை.

7, வெள்ளி
வெளிக்கிடும்போது மாமி குங்குமச் சிமிழோடு வந்தா. இவரைப் பெற்றவ.
"சின்னனாய் வைச்சுக்கொண்டு போ பிள்ளை. எங்கடை துக்கம் உவங்களுக்கு ஏன்?"
அவவே வைத்துவிட்டா.

மண்டபத்தில் சனம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள். எல்லோரிடமும் பனம்பழ மணம், என் சேலை மட்டுமல்ல.

இருவர் இருவராகக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அப்பால் கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர், பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண். ரீற்றா அழகாகக் கதைத்தாள். அந்தப் பெண் இரண்டு தரம் தலையாட்டினாள். பிறகு ஐயா என்னிடம், குடும்பம்? "மாமியோடை இருக்கிறன்." அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்போதுதான் பொம்பர் இரைச்சல். யாரோ "படுங்கோ, படுங்கோ" என்றார்கள். மண்டபம் முழுக்க மேசைகளுக்குக் கீழே. ஐயாவும், வெள்ளைக்காரியும். ரீற்றா என் காலடியில் சுருண்டு, செபம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் கதிரையில். குனிய வேண்டும் என்று தெரிந்தது. குனியவில்லை. பயமும் வரவில்லை. தண்ணீர்க் கிளாஸ் ஆடியது, பிடித்துக்கொண்டேன்.

குண்டு தூரத்தில், கடற்கரைப் பக்கம்.

ஐயா மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து காற்சட்டையைத் தட்டினார். என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை பதறேல்லை" என்று முதலில் தமிழில், பிறகு அந்தப் பெண்ணுக்கு இங்கிலீசில். அவள் ஏதோ எழுதினாள். ரீற்றா முகம் துடைத்து முடிவதற்குள் அடுத்த இருவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

12, புதன்
மண்டபத்துச் சுவரில் பெயர்கள். ரீற்றாதான் வாசித்தாள். "உனக்குத்தான்டி." அவள் பெயர் இல்லை.

சந்தோசம் வரவில்லை. துக்கமும்.

திரும்பும் வழியில் சைக்கிளை எனக்குப் பக்கத்தில் விட்டாள்.
"உனக்குப் பயமே வரேல்லையோ?"
"இல்லை."
"எனக்கு வந்தது. அதாலை போச்சு. பரவாயில்லை."
மானிப்பாய் தாண்டினோம். பிறகு, "உனக்கு வராததுதான் எனக்குப் பயமாய் இருக்கு."

ரியூப் மறுபடியும் காற்றுப் போகிறது.

17, திங்கள்
மப்பு, மழையில்லை. முதல் நாள். நிறுவனத்து வான் வண்டியில் கொடிகாமம் போனோம். பள்ளிக்கூடத்தில் அகதிகள், வகுப்புக்கு ஏழெட்டுக் குடும்பம். இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று கேட்டு எழுத வேண்டும். "அழுதால் நிற்பாட்டாதையும், எழுதிக்கொண்டே இரும்" என்றார் ஐயா. அதற்குத்தான் என்னை எடுத்ததாம்.

பத்து மணிக்குள் ஒரு வகுப்பறை முடிந்தது. கை மட்டும் எழுதியது.

இரண்டாவது அறையில் என் வயதுப் பெண். மகன் என்றாள், ஐந்து வயது என்றாள். எழுதினேன். அடுத்த கேள்வி கேட்குமுன் அவள் கேட்டாள்.
"உமக்கு ஆர் போனது?"
"இவர்."
"பேர் என்ன?"
சொன்னேன். வைகாசிக்குப் பிறகு என் வாயால் சொன்னது இன்றுதான். பாதியில் அழுகை வந்தது, பேனை நின்றது.

அவள் பாயில் தள்ளி இருந்தாள். "இதிலை இரும்."

ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் பாயில் இருந்தேன்.