கயிறு கட்ட இடமில்லாத கூரை

அனுப்புநர்:
கூரைத் தச்சரின் மனைவி (தையல் தொழில்),
பழைய நகர மன்றத்தின் பின் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: பழைய நகர மன்றத்தின் கூரை மாற்றும் வேலை – வேலையாட்கள் கயிறு கட்டிக்கொள்ள வழி இல்லாமை – என் கணவர் விழுந்து இறந்தமை – அதே கூரையில் இப்போது அவருடைய தம்பி ஏறுதல் – பாதுகாப்பு செய்யும்வரை வேலையை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும் என்று அறிவேன். ஆயினும் இதை மட்டும் தாங்களே படிக்க வேண்டுகிறேன்; கீழே உள்ளவர்களிடம் கொடுத்த இரண்டு மனுக்களும் போன இடம் தெரியவில்லை.

1. மேற்படி கட்டடத்தின் பழைய ஓடுகளைப் பிரித்துப் புதிதாக வேயும் வேலையில் என் கணவர் தலைமைத் தச்சராக இருந்தார். அந்தக் கட்டடத்தின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. சாப்பிட உட்கார்ந்தால்கூட அதன் உத்திரங்களைப் பற்றித்தான் பேச்சு. “இந்த மரம் நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் தாங்கும்” என்பார். எனவே கட்டடத்துக்கு எதிராக மனுக் கொடுப்பவள் என்று என்னைத் தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

2. உயரத்தில் வேலை செய்பவர் இடுப்பில் பெல்ட் போட்டு, அதன் கயிற்றை உறுதியான ஓரிடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டுவதற்கு உத்திரத்தில் ஒரு கொக்கி வேண்டும். என் கணவர் அதைக் கேட்டார். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் பழைய மரத்தில் புதிதாகத் துளை போடக் கூடாது என்று தங்கள் அலுவலக மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். “பெல்ட்ட மட்டும் போட்டுக்கோங்க, யாராவது கேட்டா காட்டலாம்” என்பது அவர் சொன்ன யோசனை. அதை வீட்டில் வந்து சொல்லி என் கணவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

3. சனிக்கிழமை மாலை அவர் இறங்கும்போது கிழக்குச் சரிவில் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்கள் இருந்தன. அவற்றின் மேல் நடந்துதான் இறங்கினார். மறுநாள் விடுமுறை. மழை வரும்போல் இருந்ததால், உள்ளே மண்டபத்துக்கு மேல் உள்ள, ஓவியம் தீட்டிய மர விதானம் நனைந்துவிடக் கூடாதே என்று மேற்பார்வையாளர் வேறு ஆட்களை ஏற்றியிருக்கிறார். அவர்கள் உளுத்துப்போன ரீப்பர்களைக் கையோடு கழற்றி இறக்கிவிட்டு, சரிவு முழுவதும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார்கள். நல்ல வேலைதான், ஐயா. ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டியிருந்தார்கள். அடியில் ஒன்றும் இல்லை என்று மட்டும் எவரும் என் கணவரிடம் சொல்லவில்லை. நான் தையல்காரி, மடித்த துணிக்குள் விரலோ ஊசியோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் கத்திரி வைக்க மாட்டேன். திங்கட்கிழமை காலை அவர் வழக்கமாக நடக்கும் இடத்தில் நடந்தார். விதானத்தை உடைத்துக்கொண்டு மண்டபத் தரையில் விழுந்தார். இடுப்பில் பெல்ட் இருந்தது. அதன் கயிறு சுருட்டியபடியே இருந்தது.

4. விசாரணை அறிக்கையில் “பாதுகாப்புச் சாதனத்தைப் பயன்படுத்தத் தவறினார்” என்று எழுதியிருக்கிறார்கள். எதில் மாட்டுவது என்று எழுதவில்லை. குறை இறந்தவருடையது என்று ஆகிவிட்டதால், கூரையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. என் மனுக்களுக்குப் பதில் வராததன் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

5. பிறப்பு இறப்புப் பதிவுக் கவுன்ட்டர் நகர மன்றத்தில்தான் இருக்கிறது என்பதால், இறப்பைப் பதிவு செய்யவும் அதே மண்டபத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மாள் தலைநிமிராமல் “எங்க இறந்தாரும்மா?” என்று கேட்டார். “இங்கதாங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் விதானத்தைச் செப்பனிட்டு முடித்திருந்தார்கள். மரமும் வண்ணமும் அவ்வளவு பொருத்தம். எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தும் அவர் விழுந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

6. அந்தச் செப்பனிடும் வேலைக்கு மட்டும் மண்டபத்துக்குள் தரையிலிருந்து சாரம் கட்டினார்கள். ஓவியர்களுக்குக் கீழே வலையும் விரித்தார்கள். மரத்தில் ஒரு துளையும் போடவில்லை. விதானம் முடிந்ததும் சாரத்தையும் வலையையும் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். மேலே கூரை வேலை பாதியில் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

7. இந்த வாரம் முதல் அந்தக் கூரையில் என் கொழுந்தனார் ஏறுகிறார். அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடிப்பதுதானே முறை என்று மேற்பார்வையாளரே வீடு தேடி வந்து அழைத்தார். நான் தடுத்தேன். “இத வேணாம்னு சொன்னா அடுத்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க அண்ணி” என்கிறார். அண்ணனின் பெல்ட்டையே போட்டுக்கொண்டு போகிறார். அவர் இறங்கி வரும்வரை என் மாமியார் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பிள்ளை அவருக்கு இல்லை. இந்த மனு கொடுப்பது கொழுந்தனாருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ள அவர் இருக்க வேண்டும் என்பதுதான், ஐயா, என் கோரிக்கை.

ஆகவே, உள்ளே சாரமும் வலையும் மறுபடி வைக்கும்வரையிலும், கயிறு மாட்ட உறுதியான இடம் ஒன்றைத் தாங்கள் நேரில் பார்த்து முடிவு செய்யும்வரையிலும் கூரை வேலையை நிறுத்தி வைக்குமாறும், எந்தப் பகுதியையும் அடியில் வெறுமையாக வைத்து மூடக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவிடுமாறும் மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இழப்பீடு பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இது பிறகு பேச முடியாத விஷயம்.

இம்மனுவுக்குப் பதில் கடிதம் அனுப்பத் தேவையில்லை. என் தையல் இயந்திரம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கூரை முழுவதும் தெரிகிறது. இதை எழுதும் இந்த நேரத்தில் கொழுந்தனார் மேலேதான் நிற்கிறார். கயிறு கட்டினால் நானே பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

நாள்: வியாழக்கிழமை, முற்பகல்
இடம்: நகர மன்றத்தின் பின் தெரு

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
கூரைத் தச்சரின் மனைவி