எந்தக் கன்னம்

என் வாயாடிக்கு,

நான் சொல்லச் சொல்ல முகாம் நர்சம்மா எழுதுகிறாள். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நீ மகள் வீட்டுக்குப் போன மறுநாள், எங்கள் மூட்டைக் கிடங்கில் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. நானும் வாயைத் திறந்தேன். டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"பெரியவரே, என்ன கறுப்பா ஒரு கட்டி?"

நர்சம்மா எடுத்துப் பார்த்தால், நான் துப்ப மறந்த புகையிலை.

"கட்டி இல்ல டாக்டர், இவரோட காலை டிபன்" என்றாள். கிடங்கே சிரித்தது.

அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. "புகையிலையை இன்னையோட விடுங்க. ஆறு வாரத்துல குறையலைன்னா சதை எடுத்துச் சோதிக்கணும்" என்றார் டாக்டர்.

மூத்தவள் பிறந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொட்ட பழக்கம், நாற்பத்தோரு வருஷம். நர்சம்மா வாரந்தோறும் வந்து, "ஆசை வந்தா பத்து நிமிஷம் மட்டும் தள்ளிப்போடுங்க" என்பாள். பத்துப் பத்து நிமிஷமாகவே ஆறு வாரத்தையும் தள்ளிவிட்டேன். உன்னிடம் மூச்சு விடவில்லை.

இன்று டாக்டர் டார்ச் அடித்து வெகுநேரம் தேடினார்.

"எந்தக் கன்னம்னு மறந்துட்டேனே, பெரியவரே."

"இடதுதாங்க."

"அங்க ஒண்ணுமில்ல. ஆனா ஆறு மாசத்துக்கொரு தடவை வந்து காட்டணும்."

நாற்றம் தாங்காமல் இத்தனை வருஷமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் நீ. மீதியை இந்தப் பெண்ணிடம் சொல்லி எழுதவைக்க வெட்கமாக இருக்கிறது. சீக்கிரம் வா.

வாய் கொப்பளித்துக் காத்திருக்கும்
உன் கிழவன்