சுழற்றாத கட்டை

பிப்ரவரி 3, 1952, ஞாயிறு
கோயிலிலிருந்து வந்தால் வாசலில் தம்பி அருள்நாதன். கப்பல் வேலையில் கறுத்து இளைத்திருக்கிறான். ஆஸ்திரேலியாவின் வடக்குத் துறைமுகத்திலிருந்து எனக்கு இரண்டு பொருள்கள் கொண்டுவந்திருக்கிறான். ஒன்று, அங்குள்ள பூர்வகுடிகள் பாட்டுக்குத் தட்டும் ஒரு சோடித் தாளக் கட்டைகள். மற்றது மீன்போல் தட்டையான மரக்கட்டை. முனையில் துளை, அதில் கயிறு. தலைக்குமேல் சுழற்றினால் உறுமுமாம். மேலெல்லாம் கோடுகள். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் வரைந்து வைத்தேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிப்ரவரி 5
வகுப்பில் சொல்லிவிட்டேன். "நாந்தான் மொதல்ல சுத்துவேன் டீச்சர்" என்று மலிகா எழுந்து நின்றாள். பெரிய சண்டை.

பிப்ரவரி 9
சாப்பிடும்போது தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, அந்த உறுமற கட்டைய பொம்பளைங்க பாக்கவே கூடாதாம். ஆம்பளைங்க சடங்குக்குத்தானாம். சத்தம் கேட்டாலே தூரப் பூடுவாங்களாம்."

"எவன் சொன்னான்?"

"இன்னாக்கா, அடிக்க வர்றே? அங்க துறைமுகத்துல மூட்டை தூக்கற, அந்தப் பூர்வகுடி ஜனத்துல ஒரு பெரியவரு."

சிறுமியாக அப்பாவின் கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்ததற்கு வாங்கிய அடி ஞாபகம் வந்தது. பொட்டச்சி ஏறினால் மீன் படாதாம். இந்தப் பேச்சைத் தாண்டத்தானே படித்தேன்? கடல் தாண்டி அங்கேயும் அதேதானா! சுத்தத்தான் போறேன். எவன் தடுக்கறான் பாக்கலாம்.

பிப்ரவரி 10
கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு கொல்லையில் நின்றேன். சுழற்றவில்லை. ஏன்?

தம்பியைக் கேட்டேன்: "அந்தப் பெரியவரா இதை உனக்குக் கொடுத்தார்?"

"இல்ல. ஒரு வெள்ளைக்காரன். சிகரெட்டுக்கு மாத்திக்கினேன். பெரியவரு என் கையில பாத்தாரு, பக்கத்துல அவர் பொஞ்சாதி. சட்டையக் கயட்டி அந்தம்மா தலைமேல போட்டுட்டாரு. குட்த்துடுன்னு கெஞ்சினாரு. அக்காவுக்காச்சேன்னு நாந்தான் குடுக்கல."

கட்டுமரம் என் அப்பாவுடையது. அந்தச் சண்டை என்னுடைய சண்டை. இது? அந்த அம்மாள் சண்டை போட வேண்டுமென்றால் போடட்டும் — நான் யார்?

பிப்ரவரி 11
கோடுகள் வரைந்த ஓரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கட்டையை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தேன்.

"திருப்பிக் கொடு."

"அந்த ஆளு ஆப்டலைன்னா?"

"தேடு."

மார்ச் 1
கண்காட்சி. தாளக் கட்டைகள் மட்டும். அங்கே பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து தட்டிப் பாடுவதைப் பார்த்ததாகத் தம்பி சொன்னான். எங்கள் பிள்ளைகளும் மாற்றி மாற்றித் தட்டினார்கள்.

"உறுமற கட்டை இன்னா ஆச்சு டீச்சர்?"

"அது நம்முடையதில்லை, மலிகா."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 20
கப்பல் கிளம்பிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு
தம்பி வந்துவிட்டான். பெரியவர் கிடைத்தாராம். மூட்டையைப் பிரிக்காமல் தடவிப் பார்த்தாராம்.

"யாராச்சும் சுத்தினாங்களான்னு கேட்டாருக்கா. இல்லேன்னு மூஞ்சப் பாத்து சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? வேட்டியோட எடுத்துகினு பூட்டாரு."

சாயங்காலம் காசிமேட்டுக் கரைக்குப் போனேன். மீனவர் தவசிமுத்துவின் கட்டுமரம் மணலில் கிடந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

"டீச்சரம்மா! இன்னா இது? எறங்கும்மா!" என்று அவர் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

நான் இறங்கவில்லை.