மூன்று சுற்றிலும் ஊசியைக் காணோம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

சங்கதி இதுதான். சீருடை தைக்கிற ஆலையை மூடிய பிறகு நான்கு மாதம் நான் உன் அப்பாவின் முகத்தையும் அவர் என் முகத்தையும் பார்த்துப் பார்த்து இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் டாக்டர் அங்கியும் தைத்துக் கொடுக்கிற கம்பெனியில் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது, விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன்னிடம் மூச்சு விடவில்லை. நீயே வேலைக்கு ஆள் எடுக்கிற பெரிய மனுஷி, கிடைக்காவிட்டால் சிரிப்பாயே என்ற பயம்தான், வேறென்ன. இருபத்தெட்டு வருஷம் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு ஐம்பத்து நாலு வயதில் இன்டர்வியூ.

முதல் சுற்று கம்ப்யூட்டரில். எதிரே ஆளே கிடையாது, திரையில் கேள்வி வரும், பக்கத்தில் என் முகமே தெரியும், அதைப் பார்த்து நான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷம் தலைமுடியைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. கதவுக்குப் பின்னால் நின்று உன் அப்பா "சத்தமா பேசு, சத்தமா பேசு" என்று கிசுகிசுத்தது என் குரலைவிடத் தெளிவாகப் பதிவாகியிருக்கும். இரண்டாவது சுற்றுக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லி ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள், பதினாலு பேருக்கு ஒன்பது நாற்காலி. உள்ளே உன் வயதுப் பெண் ஒருத்தி, என் பலவீனம் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லம்மா, வேணும்னா என் வீட்டுக்காரர் வெளியேதான் இருக்கார், அவரைக் கேளுங்க, பெரிய லிஸ்ட்டே வச்சிருக்கார் என்றேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் ஒரு பெரிய அதிகாரி, அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றார். மிஷின் பக்கத்துலதான் சார், கண்ணாடி மட்டும் கொஞ்சம் தடிச்சிருக்கும் என்றேன். இத்தனை கேட்டார்களே, மூன்று சுற்றிலும் ஒருவராவது ஓர் ஊசியைக் கையில் கொடுக்க வேண்டுமே, கிடையாது. நீச்சல் தெரியுமா என்று கரையில் உட்காரவைத்தே கேட்டு முடித்த மாதிரி.

கூப்பிடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அந்த மூன்று வாரம் நான் நானாக இல்லை, குளிக்கப் போனாலும் போனோடு போனேன். வேறோர் இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு வரச் சொன்னார்கள், அதை ஒத்துக்கொள்ளவும் மனமில்லை, விடவும் தைரியமில்லை, கடைசியில் அவர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நீ எத்தனை பேரை இப்படித் தொங்கவிட்டிருப்பாயோ என்று உன் மேல்கூட ஒருநாள் கோபம் வந்தது. நான்காம் வாரம் நேரே போய் நின்றேன். அந்தப் பெண்தான் வந்தாள். "சாரி ஆன்ட்டி, நீங்க செலக்ட் ஆகலை, மெயில் போயிருக்கணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, பலவீனத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று மார்க் குறைந்ததாம். யாரையாவது தைக்கச் சொல்லிப் பார்த்தீங்களாம்மா என்றேன். "அப்படி ஒரு சுற்று ஃபார்ம்லயே இல்ல ஆன்ட்டி" என்றாள். பாவம், அவள் முகம்தான் சுண்டிப்போயிற்று, நான் பஸ் ஏறும்வரை தாக்குப்பிடித்தேன்.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். தேர்வான புண்ணியவான் தேனாகப் பேசுவாராம், மிஷினில் பாபின் நூல்கூட மாட்டத் தெரியாதாம், அவர் மேற்பார்வையில் தைத்த அங்கிக்கெல்லாம் ஒரு கை நீளம் ஒரு கை குட்டை. வந்த வழியே போய்விட்டார். ஆன்ட்டி, வர்றீங்களா என்றாள். உடனே வருகிறேன் என்று சொல்லிவிடாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று ஐந்து நிமிஷம் பிகு பண்ணிக்கொண்டேன், அதுகூட இல்லாவிட்டால் எப்படி.

சேர்ந்ததும் முதல் வேலையே தையலுக்கு ஆறு பேரை எடுப்பது. போன செவ்வாய்க்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு நாற்காலி போடவைத்தேன், ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுத்துத் தைக்கச் சொன்னேன். ஒருத்தி அவசரத்தில் மிஷினை வேகவேகமாக மிதித்தாள், தையல் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போயிற்று. முடித்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சிட்டு, கூப்பிடுகிறோம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திமிரில் சொல்வதில்லை, எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்க முடியாமல்தான் சொல்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உன் வேலை சுலபம் என்று இத்தனை நாள் கேலி பண்ணியதற்கு மன்னித்துக்கொள். முழுக்க அல்ல, பாதிக்கு. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து துணியைக் காட்டினேன், இந்தத் தடவை இல்லம்மா, கால் வேகத்தைக் குறைச்சுப் பழகு, தையல் நேரா வரும் என்றேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். துடைத்துக்கொண்டு மணி என்ன என்று கேட்டாள், பன்னிரண்டு என்றேன். "ரெண்டு மணிக்கு இன்னொரு இடத்துல வரச் சொல்லியிருக்காங்க, இங்க கிடைச்சிடும்னு அதை விட்டுடலாம்னு இருந்தேன், இப்பவே போறேங்க" என்று படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

உன் மேஜையில் பதில் போகாமல் எத்தனை பெயர் கிடக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நாளைக்குக் காலையில் நீயே எண்ணிப் பார். இரண்டு பேரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருங்கள், பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா