பேடா, பேக்கு

1958 மார்ச் 12, புதன். ஒக்கலிபுரம்.

குழாயடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. இவருக்கு வெளியூர் டூட்டி. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கௌரம்மா வந்து, ஒன்றும் கேட்காமல் என் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "பேடா, பேடா." கன்னடத்தில் வேண்டாம் என்பதை மட்டும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "எனக்குக் கொழந்த பொறந்தப்போ நீங்கதானேம்மா தண்ணி சுமந்தீங்க? நான் ஒரு நாளாவது பேடான்னு சொன்னேனா?" என்றாள். முகம் சுருங்க, தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு என்ன அப்படியொரு வீம்பு? குடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருக்கிறது. பாப்பாவுக்குக் கஞ்சி வைக்கக்கூடப் போதாது. விடிந்ததும் நான் போய்க் கௌரம்மா வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பாளா?

வேண்டும் என்பதற்கு "பேக்கு". கடையில் தினமும் சொல்கிற சொல்தான், உப்பு பேக்கு, புளி பேக்கு என்று. மனிதரிடம் சொன்னதில்லை. இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நீரு பேக்கு", தண்ணீர் வேண்டும். நாக்கு பிசகி "நீவு பேக்கு" என்று வந்தது. நீங்கள் வேண்டும்.

காலையில் அவள் எதிரில் அப்படியே வாயில் வந்துவிட்டால்?